இயலாமையும் இசையாமையும்

செய்யக் கூடியதைச் செய்யாது விட்டவனைக் கடிந்துகொள்ளலாம். செய்யவே இயலாதவனைக் கடிந்துகொள்ளலாமா என்று எவரைக் கேட்டாலும், கூடாது என்றே விடை வரும். இதில் கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடு இல்லை. காலில் வலுவற்ற பிள்ளையை ஓடச் சொல்லி, ஓடவில்லையே என்று பிரம்பெடுப்பவரை ஊரே தூற்றும். ஆயினும் ஐயத்துக்கு இடமில்லாத இந்நீதி வகுப்பறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே, ஒவ்வொரு நாளும், இயலாமை குற்றமாக விசாரிக்கப்படுகிறது, தண்டனையும் வழங்கப்படுகிறது. வழங்குவோர் பெரும்பாலும் நல்லவர்கள். பிள்ளையின் நலம் கருதியே செய்கின்றனர். அதனால்தான் இது ஆராயத்தக்க கேள்வியாகிறது.

நான் சொல்ல வரும் பிள்ளையை வாசகர்கள் அனைவரும் கண்டிருப்பர். வயது பத்து இருக்கும். பேச்சில் சூடும் சுவையும் உண்டு. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைக் கணக்குப் பிசகாமல் கொண்டுவருவான். வெள்ளிக்கிழமை கேட்ட பயானை அன்று மாலையே தன் உம்மாவிடம் வரிசை மாறாமல் ஒப்பிப்பான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பாடநூலை அவன் முன் விரித்து வைத்தால் மூன்று வரி ஓடாது. ‘கடல்’ என்பதைக் ‘கடை’ என்பான். அடுத்த வரியில் அதே சொல் வந்தால் இதுவரை பார்த்தறியாத சொல்லைப் போல் விழிப்பான். நேற்று எழுதிய சொல்லை இன்று வேறு எழுத்துகளில் எழுதுவான். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று வகையாக எழுதிய ஏடுகளை என் மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

இப்பிள்ளைக்கு நாம் இடும் பெயர்கள் இரு வகையின. மக்கு, மந்தம், மண்டையில் ஏறாது என்பன ஒரு வகை. சோம்பேறி, திமிர் பிடித்தவன், விளையாட்டுப் புத்தி என்பன மற்றொரு வகை. முதல் வகை அவனுடைய அறிவைப் பழிக்கிறது. இரண்டாம் வகை அவனுடைய மனத்தைப் பழிக்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க வழியில்லை. அறிவில்லாதவன் என்றால் சோம்பலுக்குக் குற்றம் சாட்டுவது பொருந்தாது. ஆனால் நாம் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சொல்கிறோம். இரண்டுமே தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் மட்டும் எளிதில் வருவதில்லை.

அந்த எண்ணம் மருத்துவ உலகுக்கே பிந்தித்தான் வந்தது. 1887இல் ஜெர்மனியின் ருடால்ஃப் பெர்லின் என்னும் கண் மருத்துவர், மூளை பாதிக்கப்பட்டு வாசிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்களைக் குறிக்க ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல்லை ஆக்கினார். மூளையில் எந்தக் காயமும் இல்லாத பிள்ளைக்கும் இந்நிலை பிறவியிலேயே வாய்க்கலாம் என்பதை 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். அவர் கண்டது பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை. அவன் கூரிய அறிவினன், விளையாட்டிலும் பின்தங்கியவனல்லன், கண் பார்வையில் குறையில்லை, எண்களை அறிவான், பெருக்கல் கணக்கும் செய்வான். எழுத்து மட்டும் அவனுக்குக் கைவரவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி எழுதினான். அக்கட்டுரையில் என் உள்ளத்தைத் தொட்டது மருத்துவரின் முடிவன்று; அவர் போகிற போக்கில் குறிப்பிட்ட, அச்சிறுவனின் ஆசிரியர் கருத்தாகும். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அந்த ஆசிரியர் கூறியிருந்தார். மருத்துவர் பெயரிடுமுன்பே அவனுக்குப் பாடம் சொன்னவர் உண்மையைக் கண்டுகொண்டார். அவருடைய பெயர்தான் நமக்கு எட்டவில்லை.

அதன்பின் கிளாஸ்கோவின் ஹின்ஷெல்வுட், அமெரிக்காவின் சாமுவேல் ஆர்ட்டன் முதலியோர் இதனை ஆராய்ந்தனர். 1963இல் சாமுவேல் கெர்க் என்னும் கல்வியாளர் சிகாகோவில் கூடிய பெற்றோர் முன்னிலையில் ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப் பெயரைப் பயன்படுத்த, அதுவே நிலைத்தது. வாசிப்பில் வரும் தடை, எழுதுவதில் வரும் தடை, எண்ணிலும் கணக்கிலும் வரும் தடை ஆகியன எல்லாம் இப்பெயருக்குள் அடங்கும். அறிவுத்திறன் முழுவதும் குன்றிய நிலை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் மக்களிடையே மட்டுமன்றி ஆசிரியர்களிடையேயும் இன்றும் உண்டு.

இஃது எப்படி நேர்கிறது என்பதை அறிய, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். பேச்சை எந்தக் குழந்தைக்கும் பாடம் வைத்து யாரும் கற்பிப்பதில்லை. தாயின் மடியில் கிடந்தபடியே அது பற்றிக்கொள்கிறது. எழுத்தோ மனிதன் செய்த கருவி. அது தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகின்றது. மனித இனத்தின் வயதை நோக்க அது நேற்றைய பொருள். ஆகவே வாசிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த உறுப்பு மூளையில் இல்லை. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் அமைந்த பகுதிகளை ஒன்றோடொன்று புதிதாகப் பிணைத்தே ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கக் கற்கிறது. அந்தப் பிணைப்பு சிலருக்கு எளிதில் அமைவதில்லை. பெரும்பாலும் இது குடும்ப வழியாக வருவது. எழுத்து தலைகீழாகத் தெரிவதே கோளாறு என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலானோரிடம் கோளாறு கண்ணில் இல்லை. கேட்ட சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் ஒரு வடிவோடு முடிச்சிடும் இடத்தில்தான் இருக்கிறது. ‘கடல்’ என்பதிலிருந்து ‘க’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அந்தச் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். சொல்லின் பொருளை ஒரு நொடியில் சொல்பவன் இவ்விடத்தில் திகைத்து நிற்பான்.

நம் தமிழ் எழுத்து முறை ஒழுங்கானது, ஆங்கிலத்தைப் போல் எழுதுவது ஒன்றும் படிப்பது ஒன்றுமாக இல்லாதது என்று பெருமை கொள்கிறோம். பெருமை பெருமளவு பொருந்தும். ஆயினும் தடுமாறும் பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு சிலவும் தெரியும். எழுத்துகள் 247. ‘கெ’ என்பதில் மெய்யின் ஒலி முதலில், உயிரின் ஒலி பின்னர். ஏட்டிலோ உயிரின் குறி முந்திக்கொண்டு நிற்கிறது. ‘கொ’ என்பதில் அக்குறி இரண்டாகப் பிளந்து மெய்யைக் காவலர் போல் இருபுறமும் சூழ்கிறது. காது கேட்ட வரிசை வேறு, கண் காணும் வரிசை வேறு. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றே. ல, ள, ழ என்னும் மூன்றும் ந, ன, ண என்னும் மூன்றும் பேச்சில் பலருக்கு ஒன்றாகிப் போயின. எழுத்தில் மட்டும் தனித்தனியே காக்கப்படுகின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் ‘லை’, ‘னை’ முதலியவற்றின் ஐகாரக் குறி யானைத் துதிக்கை போல் மேலே வளைந்து நின்றது. என் வயதினர் அந்தத் துதிக்கையை ஒரு வகுப்பில் கற்று அடுத்த வகுப்பில் மறந்தோம். எழுத்து மாற்றியமைக்கத்தக்க மனித ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அரபு எழுத்தின் கடினம் வேறு வகையானது. பே, தே, ஸே மூன்றும் ஒரே உருவம். புள்ளியின் எண்ணிக்கையும் இடமுமே வேறு. ஓர் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஓர் உருவம், நடுவில் ஓர் உருவம், ஈற்றில் ஓர் உருவம் கொள்ளும். அலிஃப், தால், ரே போன்ற சில பின்வரும் எழுத்தோடு கைகோக்க மறுக்கும். மொழிக்கு மொழி தடை வேறுபட்டாலும் அதன் வேர் ஒன்றே என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி ஆகிய மும்மொழிகளில் இக்குறை உடையவர்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. எழுத்தும் ஒலியும் ஒத்துச் செல்லும் இத்தாலி மொழியினர் மற்ற இருவரைவிடத் திருத்தமாக வாசித்தனர். ஆனால் வாசிக்கும்போது மூளையின் இடப்புறத்தே மூவரிடமும் ஒரே பகுதி சோர்ந்திருந்தது. எனவே ஒழுங்கான எழுத்துடைய மொழியில் இக்குறை இல்லாமற் போவதில்லை; மறைந்து நிற்கிறது. பிள்ளை மெதுவாக, ஆனால் ஓரளவு சரியாக வாசிக்கும். அந்த மெதுவைச் சோம்பல் என்று நாம் வாசிக்கிறோம்.

இனி நீதியின் கேள்விக்கு வருவோம். இஸ்லாமிய சட்டக் கலையின் மூலங்களை ஆராய்ந்த அறிஞர்கள், குறிப்பாக ஹனஃபீ மரபினர், கடமைக்குரிய தகுதி என்பதை ‘அஹ்லிய்யத்’ என்று பெயரிட்டு விரிவாக விவாதித்துள்ளனர். அத்தகுதிக்கு இடையூறாக வருவனவற்றை அவர்கள் இரு கூறாகப் பகுத்தனர். மனிதனின் தேர்வுக்கு அப்பாற்பட்டு வந்தவை ‘ஸமாவீ’. சிறுபிராயம், உறக்கம், மறதி, நோய் முதலியன அவ்வகை. மனிதன் தானே தேடிக்கொண்டவையும் பிற மனிதரால் வந்தவையும் ‘முக்தஸப்’. மதுமயக்கம் அவ்வகைக்கு எடுத்துக்காட்டு. இரண்டுக்கும் சட்டம் ஒரே விளைவைச் சொல்லவில்லை. உறங்கியவன் தவறவிட்ட தொழுகைக்கும் குடித்து மயங்கியவன் தவறவிட்ட தொழுகைக்கும் களாச் செய்வது பொது, பாவம் பொதுவன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் மதரஸாப் பாயில் அமர்ந்து இவ்வளவு நுட்பமாகப் பகுத்த மரபுக்கு உரியவர்கள், எழுத்துக் கூடாத பிள்ளையை மட்டும் ஆராயாமலே இரண்டாம் வகையில் சேர்த்துவிடுகிறோமே, அதற்கு ஆதாரம் என்ன? அவனுடைய தடை பிறவியில் வந்தது. அதை அவன் தேடிக்கொள்ளவில்லை. பகுப்பு நம் கையில் இருந்தது; பொருளைத் தவறான தட்டில் வைத்தோம்.

இங்கே அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுப்புரைப்பார்: “அந்தப் பையன் முயல்வதே இல்லை. புத்தகத்தை எடுத்தாலே வயிற்றுவலி என்கிறான். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான். இதுவும் பிறவிக் குறையா?” அவர் கண்டது பொய்யன்று. அவன் முயல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் எது முந்தியது என்று பார்க்க வேண்டும். முதல் வகுப்பில் அவன் மற்றவரைவிட இரு மடங்கு முயன்றிருப்பான். பலன் வரவில்லை. இரண்டாம் வகுப்பிலும் முயன்றான். உரக்க வாசிக்கச் சொல்லி நிற்கவைத்தபோது வகுப்பே சிரித்தது. மூன்றாண்டு தோற்ற பிறகு முயற்சியைக் கைவிட்டான். மக்கு என்ற பெயரைவிடப் போக்கிரி என்ற பெயர் அவனுக்கு மேலாகத் தோன்றுகிறது; போக்கிரிக்காவது வகுப்பில் ஒரு மரியாதை உண்டு. இயலாமை ஈன்ற பிள்ளை இசையாமை. ஆசிரியர் இறுதியில் வந்து பார்ப்பதால் பிள்ளையைத் தாயென்று எண்ணிவிடுகிறார். அடி இந்த வரிசையை இன்னும் இறுக்குகிறது. அடித்த மறுநாள் நான்கு வரி கூடுதலாகச் சொல்கிறான் என்பர். அச்சத்தால் மனப்பாடம் செய்தது அது, வாசித்ததன்று. எழுத்தை விரலால் மறைத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

இதற்காகப் பின்தங்கிய பிள்ளைகள் எல்லோரையும் இப்பெயரில் அடைத்துவிடுவதும் நேர்மையாகாது. சிலருக்குக் காது மந்தம். சிலருக்குக் கண்ணாடி தேவை. இவற்றை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும். வேறு சிலருக்கு யாருமே ஒழுங்காகக் கற்பிக்கவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எழுத்தறிமுகத்தையே தவறவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களிடம் குறை இல்லை. கிடைக்காமற்போன பாடமே குறை. வீட்டில் பேசாத ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்து, வாசிப்புக் குறை என்று முத்திரை குத்துவதும் நடக்கிறது. சில மாதங்கள் முறையாக, ஒலி ஒலியாகக் கற்பித்துப் பார்த்தபின்னும் பிள்ளை அதே இடத்தில் நிற்குமானால் ஐயம் வலுப்பெறும். 2018இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறையும் எட்டு வயதை அடுத்தே சான்றிதழ் நோக்கில் சோதிக்கச் சொன்னது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம் ஆக்கிய சோதனைத் தொகுப்பை அதற்கு அளவையாகக் கொண்டது. சான்றிதழுக்கு எட்டு வயது என்பதால் உதவிக்கும் எட்டு வயதுவரை காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஐந்து வயதில் தடுமாறும் பிள்ளைக்குக் கொடுக்கும் கூடுதல் பாடம், குறை இல்லாவிட்டாலும் வீண்போகாது.

பாடம் பயன் தருமா என்று கேட்பார்க்கு, தரும் என்று உறுதியாகச் சொல்லலாம். குறை முற்றிலும் மறைவதில்லை; வாசிப்பு வருகிறது. ஆர்ட்டனோடு பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம் என்னும் அம்மையார் வகுத்த முறையே பிற்காலத்துப் பல முறைகளுக்கும் தாய். ஓரெழுத்தைக் கண்ணால் காண்பது, காதால் கேட்பது, வாயால் சொல்வது, விரலால் வரைவது ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். எளியது முதலில், அது கைவந்த பிறகே அடுத்தது. கற்றதை நாள்தோறும் மீட்டல். இதைப் படிக்கும்போது நம் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வராமற் போகாது. மணலைப் பரப்பி, விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதியதும் இதுவன்றோ? இதைக் கொண்டு, எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்ட வேண்டாம். அதே திண்ணையில்தான் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்தது. மணலை விட்டுவிட்டோம், பிரம்பை நெடுங்காலம் வைத்துக்கொண்டோம்.

பாடத்தைப் போலவே இன்றியமையாதது தேர்வில் தரப்படும் உதவி. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்பன பொதுத் தேர்வுகளில் இன்று கிடைக்கின்றன. இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘சலுகை’. இச்சொல் எனக்கு உடன்பாடில்லை. நோயால் நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுகிறார். சட்ட நூல்கள் இதை ‘ருக்ஸத்’ என்று சொல்லும். அவருடைய கடமை நிறைவேறிவிட்டது. அரைத் தொழுகை தொழுதார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நிற்க வல்லவர் உபரியான தொழுகையை அமர்ந்து தொழுதாலோ நன்மை பாதி. உடலின் நிலை இரண்டிலும் ஒன்றே, தீர்ப்பு வேறு. ஏனெனில் சட்டம் முழங்காலைப் பார்க்கவில்லை, இயலுமா இயலாதா என்பதைப் பார்க்கிறது. பயணியின் சுருக்கத் தொழுகையில் ஹனஃபீ அறிஞர்கள் ஒரு படி மேலே சென்று, இரண்டு ரக்அத்தே பயணிக்குரிய முழுக் கடமை என்றனர். ஷாஃபிஈ மரபினர் அதை அனுமதி என்ற அளவில் வைத்தனர். எம்மரபிலும் அது பயணிக்கு யாரோ மனமிரங்கி இட்ட பிச்சையாகக் கருதப்படவில்லை.

“என் மகனுக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் அவனும் பத்து மதிப்பெண் கூட வாங்குவானே” என்று அடுத்த வீட்டுத் தந்தை கேட்கிறார். இக்கேள்வியைப் பொறாமை என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை, நேர்மையான கேள்வி. விடை, தேர்வு எதை அளக்க வந்தது என்பதில் இருக்கிறது. வரலாற்றுத் தாள் வரலாற்று அறிவை அளக்க வந்தது. வினாவைப் படித்து முடிக்கவே ஒருவனுக்கு இரு மடங்கு நேரம் ஆகுமானால், மூன்று மணி நேரத்தில் அத்தாள் அவனுடைய வரலாற்று அறிவை அளக்கவில்லை, கண்ணோட்ட வேகத்தை அளக்கிறது. நேரத்தைக் கூட்டினால்தான் இருவரையும் ஒரே கோலால் அளந்ததாகும். மாறாக, வேகமே அளக்கப்படும் பொருளாக இருக்குமிடத்தில், தட்டச்சுத் தேர்வைப் போல, இவ்வாதம் செல்லாது. அங்கே நேரத்தைக் கூட்டினால் கோலே முறிந்துவிடும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாமா என்பதற்கும் இதுவே வழி: கணக்குத் தாளில் கூடாது, தமிழ் இலக்கணத் தாளில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. தமிழாசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் என் மனம் இன்னும் இரு பக்கமும் சாய்கிறது.

பொய்ச் சான்றிதழ் வாங்குவோர் இருக்கின்றனரே என்பதும் உண்மை. நிற்க வல்லவர் அமர்ந்து தொழுவது அது. அதற்காக நோயாளியை எழுப்பி நிறுத்துவதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் நம் மனத்தைவிட முன்னே சென்றிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளை மட்டும் ஏற்றது. அதில் கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கி இதையும் சேர்த்தது. பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிவதையும், தேர்வில் கூடுதல் நேரமும் எழுத உதவியும் அளிப்பதையும் கடமையாக்கியது. ஆனால் பல உரிமைகளுக்கு 40 விழுக்காடு என்ற எல்லையை வைத்தது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் தடுமாற்றத்தில் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தராசு காட்டும்? 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கையில் இசிவு காணும் ஒருவரின் வழக்கில், அந்த எல்லையை எட்டாதவருக்கும் எழுதுபவர் உதவியை மறுக்கலாகாது என்று கூறியது. அதே ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வில், எழுதுதல் குறைபாடுடைய மாணவி ஒருவருக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படாமல், மற்றவர்களோடு அவருடைய விடைத்தாளும் வாங்கப்பட்டுவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அநீதி என்றே தீர்ப்பளித்தது. எனினும் மறுதேர்வு நடத்த ஆணையிடவில்லை. திருத்த வழி காணுமாறு தேர்வு அமைப்பிடம் விட்டது. உரிமை இருந்தது, சான்றிதழ் இருந்தது, அறைக் கண்காணிப்பாளருக்கு மட்டும் அது தெரியவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். சான்றிதழ் என்றவுடன் பெற்றோர் பின்வாங்குகின்றனர். “ஊனம் என்று எழுதி வாங்கச் சொல்கிறீர்களா? நாளைக்கு என் மகளுக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள்?” என்று ஒரு தாய் கேட்டால், அது அறியாமை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. பெயர் சூட்டுவதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மக்கு என்ற பெயரை ஏற்கெனவே சுமந்து நடக்கும் பிள்ளைக்கு, ‘இதற்குக் காரணம் உண்டு, நீ மக்கு அல்லன்’ என்று கூறும் பெயர் சுமையை இறக்கிவைக்கிறது. அப்பெயர் கேட்டபின் ஆசிரியர் ‘இவனுக்கு இனி ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை’ என்று முடிவு செய்தாலோ, பழைய சுமை புதிய மூட்டையில் ஏறுகிறது. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பையன் குறும்பு செய்து கவனத்தை ஈர்க்கிறான். பெண் வாய்மூடிப் பின்வரிசையில் அமர்ந்துவிடுகிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றால், ‘அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்ற ஒரு வரியில் கதை முடிகிறது. நாட்டமில்லை என்று அவள் சொன்னாளா?

உதவி தேடுவோர் தொடங்கத்தக்க இடங்கள் சில உண்டு. சென்னையில் 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் பிள்ளைகளைச் சோதிப்பதோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சான்றிதழ் அரசு மருத்துவக் குழுவின் வழியே பெறுவது. இவை நகரத்தவருக்கு எட்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருப்பவர் ஒரு நாள் கூலியையும் கட்டணத்தையும் கணக்கிட்டே புறப்பட வேண்டும். எனவே மிகுதியான உதவி அந்தந்த ஊர் ஆசிரியரிடமிருந்தே வர வேண்டியிருக்கிறது. அதில் காசு செலவில்லாதவையும் பல. முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல். எழுதத் தெரியாததை வாயால் சொல்லவைத்துக் கேட்டல். பத்துச் சொல்லுக்குப் பதில் மூன்று சொல் கொடுத்து அவற்றை ஒலி பிரித்துக் கற்பித்தல். பாடத்தை மற்றொருவரோ கைப்பேசியோ படிக்கக் கேட்க விடுதல். கேட்டுப் படித்தால் அது படிப்பாகுமா என்று ஐயுறுவோர்க்கு இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களை நினைவூட்டலாம். ஹிஜ்ரி 590இல் கெய்ரோவில் மறைந்த அப்பெருமகனார் கண் பார்வையற்றவர். ஏழு ஓதல் முறைகளையும் 1173 பாக்களில் அடக்கி அவர் யாத்த நூலை இன்றும் உலகெங்கும் ஓதல் கலை பயில்வோர் மனனம் செய்கின்றனர். அவரைக் கண்ணால் படித்துக் காட்டச் சொன்னவர் யாருமிலர். குறை வெளியே தெரிந்தால் வழிவிடுகிறோம். உள்ளே மறைந்திருந்தால் ஐயுறுகிறோம்.

ஓதப்பள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்க காலத்துத் திருமறைப் படிகளில் உயிர்க்குறிகள் இல்லை. எழுத்தை வேறுபடுத்தும் புள்ளிகளும் பெரும்பாலும் இல்லை. மொழி அறிந்தவர்க்கு அவை தேவைப்படவில்லை. அரபு அல்லாதோர் இஸ்லாத்தில் சேர்ந்து, ஓதுவதில் பிழை நேர்ந்தபோது, அவர்களுக்குத் துணையாகக் குறிகள் வந்தன. அபுல் அஸ்வத் துஅலீ அவர்களின் பெயரும், இன்றுள்ள வடிவத்துக்குக் கலீல் இப்னு அஹ்மத் அவர்களின் பெயரும் வரலாற்றில் சொல்லப்படுகின்றன. முதலில் இதை விரும்பாத பெரியோரும் இருந்தனர். இன்று குறியிட்ட குர்ஆனைக் கையில் எடுக்கும் எவரும் தடுமாறுவோர்க்காக வந்த துணையைப் பயன்படுத்துகிறோமே என்று கூசுவதில்லை. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கிலிருந்து நாம் அறிந்த செய்தி. இதை உஸ்தாதுமார் ஆறுதலாகச் சொல்வதுண்டு. சொல்ல வேண்டியதுதான். ஆனால் அக்கூலி திணறுபவருக்கு உரியது. திணற விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் பங்கு இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை.

நம் பிள்ளைகளிடம் ஐந்து வயதிலேயே மூன்று எழுத்துமுறைகள் ஒருசேர வந்து சேர்கின்றன. காலையில் மக்தபில் வலமிருந்து இடமாக அரபு. பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும். பெரும்பாலோர் சமாளித்துவிடுகின்றனர். குறையுடைய பிள்ளைக்கு இது மூன்று முனைத் தாக்குதல். அரசின் சட்டமும் சோதனையும் மக்தபின் பாய்வரை வருவதில்லை. தமிழ்ப் பிள்ளையின் அரபு வாசிப்பை அளக்கும் சோதனையை நான் கண்டதுமில்லை. ஆகவே இங்கே உஸ்தாதின் கண்ணே அளவை. அத்தகைய பிள்ளைக்கு வீட்டு மொழியான தமிழ் எழுத்து ஊன்றும்வரை ஓரிரண்டு ஆண்டு, அரபைக் காதாலும் வாயாலும் மட்டும் கற்பிக்கலாம்: சிறு சூராக்கள், துஆக்கள், எழுத்துகளின் மக்ரஜ். எழுத்துப் பாடத்தைப் பின்னர் தொடங்கி, பே ஊன்றிய பிறகே தே என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். ‘மற்றவன் முப்பதாம் ஜுஸ்வுக்கு வந்துவிட்டான், இவன் இன்னும் அலிஃபிலேயே நிற்கிறானே’ என்று வாப்பாமார் வாசலில் வந்து நிற்பர். ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர்களை அழைத்து, மகனின் சபக்கு எவ்வாறு நடக்கும், ஏன் அவ்வாறு நடக்கும் என்று விளக்கிவிடுவது நல்லது.